விட்டதால் செத்ததா, செத்ததால் விட்டதா?

சேலையூரில் எங்கள் தெருவில் பறவை பார்க்கிறவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தொப்பியும் பைனாகுலருமாக நன்மங்கலம் காட்டுக்கோ பள்ளிக்கரணைச் சதுப்புக்கோ கிளம்பிவிடுவார்கள். மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துச் சனியின் வளையத்தைக் காட்டுகிறவர் ஒருவர். பழைய நாணயம் சேர்க்கிறவர் ஒருவர். அவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நான் போயிருக்கிறேன், மனமார ரசித்துமிருக்கிறேன். "ஒரு குடல் செல் எப்படி உதிர்கிறது, வாருங்கள் காட்டுகிறேன்" என்று நான் கூப்பிட்டால் மட்டும் "இன்னொரு நாள் பார்க்கலாம் சார்" என்கிறார்கள். அந்த இன்னொரு நாள் பதினெட்டு வருஷமாக வரவில்லை.

அருவருப்பு என்று காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். போட்டி வறுவலை வழித்துச் சாப்பிடுகிற ஊர் இது. கஷ்டமான விஞ்ஞானம் என்பதையும் ஏற்கமாட்டேன். பைரவிக்கும் மாஞ்சிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் பிடிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் உட்சுவர் முழுக்க நுண்ணிய விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் குடலுறிஞ்சி என்று படித்தோமே, அதுதான். உயரம் அரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர். விரல்களின் அடியில் குழிகள். செல் குழியில் பிறக்கும், வரிசையாக மேலேறும், மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்கு வரும், உதிரும். இந்த ஓயாத புதுப்பித்தலை 1948இல் லெப்லாங், ஸ்டீவன்ஸ் இருவரும் வெள்ளை எலியின் குடலில் காட்டினார்கள். மேலேறும் ஒவ்வொரு செல்லும் காலுக்குக் கீழே உள்ள அடித்தளச் சவ்வைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடிக்கும் கையின் பெயர் இன்டெக்ரின். பிடி இருக்கும்வரை செல்லுக்குள் 'இரு, இரு' என்று ஒரு செய்தி போய்க்கொண்டே இருக்கும். பிடி அறுந்தால் செய்தி நிற்கும். அதுவரை அடங்கிக் கிடந்த பிம் போன்ற புரதங்கள் தலைதூக்கும், மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழும், காஸ்பேஸ் என்னும் நொதிகள் செல்லை உள்ளிருந்தே நறுக்கிப் போடும். 1994இல் ஸ்டீவன் ஃபிரிஷ், ஹண்டர் ஃபிரான்சிஸ் இருவரும் இந்தச் சாவுக்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்று பொருள். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் இதே சங்கதியை முந்தைய வருஷமே மெரிடித் குழுவினர் எழுதிவிட்டார்கள். பெயர் வைத்தவருக்குத்தான் புகழ் போகும் என்பது எல்லாத் துறைக்கும் பொது.

இனி வீட்டுக்கு வருவோம். விடிகாலையில் ஆடு அறுக்கிற கடையில் வெந்நீர் படாத போட்டி கேளுங்கள். சிறுகுடலில் ஒரு விரல் நீளம், பெருங்குடலில் ஒரு விரல் நீளம் போதும். வீட்டில் போட்டி கழுவும்போது குச்சியை விட்டு உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, மஞ்சளும் வெந்நீரும் போட்டு உரசி எடுப்பார்களே, அந்த வழவழப்பைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். ஆகவே உரசக்கூடாது. கத்தரியால் நீளவாக்கில் கீறி விரித்து, அரை லிட்டர் நீரில் ஒரு சிறு கரண்டி உப்பு கரைத்து அதில் மெல்ல அலசுங்கள். கறுப்புத் தட்டில் அதே உப்புநீர் ஊற்றி மிதக்க விடுங்கள். கடிகாரம் பழுது பார்க்கிறவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த லென்ஸ் போதும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். சிறுகுடல் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். தட்டை லேசாக அசைத்தால் அந்த வெல்வெட் சாயும், நிமிரும். பெருங்குடலில் வெல்வெட் கிடையாது, வழுவழுவென்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் எந்தப் படமும் தராத ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது. கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அந்த நீரைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், கலங்கும். உதிர்ந்த செல்களும் கோழையும் சேர்ந்த கலங்கல் அது. உடனே "இதோ அனோய்கிஸ்!" என்று குதிக்காதீர்கள். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

உங்கள் தட்டில் உதிர்ந்த செல்கள் ரத்த ஓட்டம் நின்றதால் செத்து, செத்ததால் பிடி விட்டவை. அனோய்கிஸ் என்பது பிடி விட்டதால் சாவது. செத்ததால் விட்டது வேறு, விட்டதால் செத்தது வேறு. கீழே விழுந்து கிடக்கும் செல் பார்வைக்கு ஒன்றுதான். எது முன், எது பின் என்பதில்தான் ரசனையே இருக்கிறது.

இதற்கு நம் மொழியில் ஏற்கனவே இடம் இருக்கிறது. பூவுக்கு ஏழு பருவம் சொல்வார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். கடைசி இரண்டைக் கவனியுங்கள். வீ என்பது உதிரும் பூ. செம்மல் என்பது வாடிய பூ. உதிர்வதையும் வாடுவதையும் தனித்தனிப் பருவமாக வைத்து, உதிர்வதை முன்னால் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு மதில் ஓரத்தில் பவளமல்லி இருந்தால் விடிகாலையில் போய்ப் பாருங்கள். தரையெல்லாம் பூ. ஒவ்வொன்றும் புத்தம்புதிது, காம்பில் சிவப்பு மாறவில்லை, மணம் போகவில்லை. உயிரோடு உதிர்ந்து, தரையில் கிடந்து, வெயில் ஏற ஏற வாடும். பக்கத்திலேயே செம்பருத்தி இருக்கும். அது செடியிலேயே சுருண்டு, சுருங்கி, எல்லாம் முடிந்தபிறகே காம்போடு விழும். பவளமல்லி விட்டதால் வாடுவது. செம்பருத்தி வாடியதால் விடுவது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பாடம் எந்த ஆங்கிலப் பாடநூலிலும் இல்லை.

கேள்வி இப்போது கூர்மையாகிறது. நம் குடல் பவளமல்லியா, செம்பருத்தியா?

ஆராய்ச்சியாளர்களே இதில் மாறிமாறி நின்றிருக்கிறார்கள். 1996இல் ஜெர்மனியில் ஸ்ட்ரேட்டர் குழு, மனிதப் பெருங்குடலின் குழிச் செல்களைத் தளத்திலிருந்து பிரித்ததுமே அவை வேகமாகச் சாகத் தொடங்குவதைக் காட்டியது. அதை வைத்து, உச்சியில் நடப்பதும் இதுதான் என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. தட்டில் நாமே பிரித்தெடுத்த செல், பறித்த பூ. பறித்த பூ வாடுகிறது என்பதால் எல்லாப் பூவும் உதிர்ந்தபிறகே வாடும் என்று சொல்லிவிட முடியுமா? 2002இல் அதே ஜெர்மனியில் கிராஸ்மான் குழு எதிர்ப்பக்கம் நின்றது. மனிதக் குடலில், வரிசையை விட்டு இன்னும் விலகாத செல்லிலேயே சாவின் தொடக்கம் தெரிகிறது என்றார்கள். செம்பருத்தி.

இதற்கு நடுவே 2001இல் ஜோடி ரோசன்பிளாட் காட்டியதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. சாகப்போகும் செல் அண்டை செல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அண்டை செல்கள் அதைச் சுற்றி ஆக்டின் இழையால் ஒரு வளையம் போட்டு இறுக்குகின்றன. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடுமே, அதே மாதிரி. கீழே வாய் மூட மூட நடுவில் உள்ள செல் மேலே பிதுங்கி வெளியே போகிறது. சுவரில் ஒரு கணமும் ஓட்டை விழுவதில்லை. அந்தப் பக்கம் நம் சாப்பாடும் கோடானுகோடி பாக்டீரியாவும், இந்தப் பக்கம் ரத்தம். நடுவில் இருப்பது ஒரே ஒரு செல்லின் கனம். அந்த ஒற்றை வரிசையிலிருந்து ஒருவரை வெளியேற்றும்போது வரிசை அறுந்துவிடக்கூடாது. இந்த ஒரு காட்சிக்காகவே ஒருவர் பத்து வருஷம் நுண்ணோக்கியின் முன்னால் உட்காரலாம்.

பிறகு 2012. ஐசன்ஹோஃபர், ரோசன்பிளாட் குழு மீன்குஞ்சின் துடுப்பிலும் மனிதப் பெருங்குடலிலும் பார்த்துச் சொன்னது: நெரிசல் அதிகமான இடத்தில் செல்கள் உயிரோடேயே வெளியே தள்ளப்படுகின்றன. நெரிசலை உணர்வது பியெசோ1 என்னும் புரதம். காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நின்றவர், கிண்டியில் இறங்கும் எண்ணமே இல்லாதவர், பிளாட்பாரத்தில் நிற்பார். உயிரோடுதான் நிற்பார். குடலில் அப்படி வெளியே தள்ளப்பட்ட செல் தளத்தை இழந்துவிட்டதால் பிறகு சாகிறது. அதுதான் அசல் அனோய்கிஸ். பவளமல்லி.

ஆக இரண்டும் நடக்கிறது. குடல் இரண்டு பூவும் பூக்கும் தோட்டம். எந்த இடத்தில், எந்த நிலையில் எது கூடுதல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரையே நான் ரசிகர் என்பேன். செல் செத்தது, உதிர்ந்தது, புதிது வந்தது என்று மூன்று வரியில் முடித்துவிடும் ஆள், கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது காபி குடிக்கப் போகிறவர்.

அதைவிட மேலோட்டமானது 'செல்லின் தற்கொலை' என்று தலைப்புப் போடுவது. பிடியை இழந்த செல் எந்த முடிவும் எடுப்பதில்லை. வந்துகொண்டிருந்த செய்தி நிற்கிறது, தடை நீங்குகிறது, நடக்க வேண்டியது நடக்கிறது. ஒரு துயரமான சொல்லை விற்பனைக்காக இதன்மேல் ஒட்டுவது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. இசையோடு ஓடும் கணினி அசைவுப்படங்களும் அப்படியே. அவற்றில் செல்கள் ஊதா நிறத்தில் மின்னிக்கொண்டு ஒவ்வொன்றாக நகரும். நிஜப் படப்பதிவு சாம்பல் நிறம், ஒலி கிடையாது, நெரிசல் நெரிசலாக இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். குடலைச் 'சுத்தப்படுத்த' மூன்று நாள் ஜூஸ் குடிக்கச் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். 2021இல் செண்டர், மிலோ இருவரும் போட்ட மதிப்பீட்டின்படி நம் உடலில் ஒரு நாளில் மாறும் செல்கள் சுமார் 33,000 கோடி. அதில் 12 சதவீதம் குடல் சுவர்ச் செல்கள். ஏறக்குறைய 4,000 கோடி செல்களை ஒரே நாளில் உதிர்த்துப் புதிதாக வைக்கிற உறுப்புக்கு உங்கள் ஜூஸ் எதைச் சுத்தம் செய்து கொடுக்கும்?

செல் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சரித்திரம் இருக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். தோல் பதனிடுவதில் முதல் கட்டம் என்ன? சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு ரோமத்தோடு மேல்தோல் செல்களையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டு, அவை உட்கார்ந்திருந்த கொலாஜன் தளத்தை மட்டும் மிச்சம் வைப்பது. செல் போய்விட்டது, பிடிமானம் நம் காலில் செருப்பாக இருக்கிறது. அந்தக் கொலாஜனின் மூவிழை முறுக்கை 1954இல் கண்டுசொன்னது கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தில், ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எக்ஸ்ரே படம் எடுக்கக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. தோலில் இருப்பது முதல் வகைக் கொலாஜன், குடல் செல்லின் அடித்தளச் சவ்வில் லாமினின் என்னும் புரதத்தோடு சேர்ந்து இருப்பது நான்காம் வகை. மூவிழை முறுக்கு இரண்டுக்கும் பொது. இன்டெக்ரின்களில் சில அந்த முறுக்கின் வடிவத்தையே தடவி அறிந்து பிடிக்கின்றன. முறுக்கைக் குலைத்துவிட்டால் அவற்றுக்குப் பிடி கிடைக்காது. 'இரு' என்ற செய்தியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் இது. ராமச்சந்திரன் பெயரைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் ஏன் ஒருவரும் அங்கிருந்து ஓரடி மேலே போய் அந்தக் கையைப் பார்க்கவில்லை?

அடுத்த படி, ஸ்லைடு. பக்கத்தில் உள்ள கல்லூரியின் விலங்கியல் துறையில் கேட்டால் சிறுகுடல் குறுக்குவெட்டு ஸ்லைடு காட்டுவார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருக்கும். நேரே குடலுறிஞ்சியின் உச்சிக்குப் போங்கள். அங்கே செல்வரிசை தளத்தைவிட்டுக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அடியில் ஒரு வெற்றிடம் தெரியும். புதியவர்கள் "ஆஹா, பிடி விட்டுவிட்டது" என்பார்கள். அதற்குக் கிரூன்ஹாகன் வெளி என்று பெயர். திசுவை எடுத்துப் பதப்படுத்தும்போது குடலுறிஞ்சி சுருங்குவதால்கூட அது உண்டாகும். ரத்த ஓட்டம் குறைந்த குடலில் முதலில் தெரியும் காயமும் அதுதான். முறையான உதிர்வில் செல்கள் இப்படி ஜமக்காளம் மாதிரி மொத்தமாகக் கிளம்பாது, ஒவ்வொன்றாகப் போகும். வரிசைக்கு மேலே தலை நீட்டி, அடி குறுகி, புனல் போல நிற்கும் ஒற்றைச் செல்லைத் தேடுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

புத்தகப் படத்தில் குடலுறிஞ்சி விரல் மாதிரி அழகாக இருக்கும், நீங்கள் பார்ப்பது இலை மாதிரி அகலமாக இருந்தால் கலங்காதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன், மின்னி மாத்தன் ஆகியோர் 1960களிலிருந்து ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டலக் குடல்நோயை ஆராய்ந்தார்கள். நோய் இல்லாத தென்னிந்தியர்களின் குடலிலேயே இலையும் வரப்புமாக இருக்கும் வடிவங்கள் சாதாரணம் என்பது அந்தக் காலத்து ஆய்வுகளில் தெரியவந்தது. குடல் செல் எவ்வளவு வேகமாகப் பிறந்து எவ்வளவு வேகமாக உதிர்கிறது என்ற கணக்கையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குடலுறிஞ்சியின் உயரம் என்பது அந்த வரவு செலவின் மிச்சம்தானே. வெளிநாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு நம் குடலைக் குறை சொல்லும் பழக்கத்தை விட இது ஒன்றே போதும்.

இன்னொரு பிடியைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. செல் காலால் தளத்தைப் பிடிக்கிறது, தோளால் அண்டை செல்லையும் பிடிக்கிறது. 2007இல் ஹாஃப்மன் குழு மனிதப் பெருங்குடல் செல்களில் காட்டியது இது: தளம் போனாலும் அண்டைப் பிடி இருந்தால் அனோய்கிஸ் தடுக்கப்படுகிறது. கால் போனவனைத் தோள் காப்பாற்றுகிறது. இதற்கு மறுபக்கம் உண்டு. 1995இல் டொரான்டோவில் ராக், ஃபில்மஸ், கெர்பெல் குழு, எலியின் சிறுகுடலிலிருந்து வளர்த்த ஐ.இ.சி.-18 செல்களைத் தளமில்லாமல் உருண்டையாக வளரவிட்டது. கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதே செல்லில் மாறிப்போன ராஸ் மரபணுவைச் செலுத்தியபோது சாகவில்லை. வீடில்லாமலே வாழக் கற்றுக்கொண்டன. புற்றுநோய் என்பதில் ஒரு பெரும் பங்கு இதுதான். ஆராய்ச்சிப் பணமெல்லாம் இந்தப் பக்கமே போகிறது. சாகாத செல்லைப் பற்றிக் கருத்தரங்கு மேல் கருத்தரங்கு. ஒழுங்காகச் செத்துப்போகும் செல்லைப் பற்றிப் பேச ஆளில்லை. நன்றாகப் பாடியதைக் கேட்டிராதவர் அபசுரத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆனாலும் எனக்குக் கோபம் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இதை நான் பொதுவாக யாரிடமும் சொல்வதில்லை, இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். என் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் போனார். அறுவைசிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து, நோயியல் மருத்துவரான என் நண்பர் அந்த ஸ்லைடைக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் நானே போனேன்.

கோழை நிரம்பிய புற்று அது. நுண்ணோக்கியில் வெளிறிய நீலக் குட்டைகள். குட்டைக்கு நடுவே, கரையைத் தொடாமல், ஐந்தும் பத்துமாகச் செல்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு மிதந்தன. தளம் கிடையாது, அடித்தளச் சவ்வு கிடையாது, பிடிக்க ஒன்றும் கிடையாது. உட்கரு ஒவ்வொன்றும் திடமாக, உருக்குலையாமல் இருந்தது. நான் பல வருஷம் படித்ததெல்லாம் ஒரே பார்வையில் புரிந்தது, அப்படிப் புரிந்திருக்க வேண்டாம் என்றும் இருந்தது.

ஓரத்துக்குப் போங்கள் என்றார் நண்பர். புற்று எட்டாத, நல்ல குடல் கொஞ்சம் அதே ஸ்லைடின் விளிம்பில் இருந்தது. குழிகள் சோதனைக்குழாய்களை அடுக்கி வைத்தது மாதிரி வரிசையாக நின்றன. இரண்டு குழிக்கு நடுவே, மேல் விளிம்பில், ஒரு செல் பாதி வெளியே வந்திருந்தது. அடி குறுகி, தலை மேலே. இருபக்கத்துச் செல்களும் அதன் கீழே ஒன்றையொன்று தொட்டுவிட்டிருந்தன. ஸ்லைடில் காலம் கிடையாது. அது பவளமல்லியா, செம்பருத்தியா என்று சொல்ல வழியில்லை. நண்பர் விளக்கை அணைக்கிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.